பினாயில் அம்மாவின் சீத்தாத் தோட்டம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பினாயில் அம்மா என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அறுவை சிகிச்சைக் கருவிகளை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் அறை அவள் பொறுப்பு. கத்தரியோ இடுக்கியோ, அவள் பார்த்து மூட்டை கட்டாமல் தியேட்டருக்குள் போகாது. யாருக்காவது தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துவிட்டால் குடும்ப மானமே போனமாதிரி ஆகிவிடுவாள். எந்த வார்டு, எந்தக் கட்டில், கட்டுப் பிரித்தது யார், அந்தக் கை அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போவாள். கடைசியில் ஏதாவது ஒரு குழாய்த் திருகையோ ஈரத் துண்டையோ கையும் களவுமாகப் பிடித்துவிடுவாள். கழுவாத கையால் யாராவது முகத்தைத் தொட்டால், பெரியவர் சிறியவர் பார்க்காமல் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி விழும். டாக்டர்களும் வாங்கியிருக்கிறார்கள்.

இவளுக்கு வாய்த்த புருஷனைப் பார்க்க வேண்டுமே! லாரி ஓட்டியவர். கூட ஓட்டியவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கிடக்கட்டும்'. டயர் தேய்ந்துவிட்டதா, கிடக்கட்டும். சட்டையில் எண்ணெய்க் கறையா, கிடக்கட்டும். தின்ற தட்டு மேசையிலேயே காய்கிறதா, அதுவும் கிடக்கட்டும். கல்யாணமான புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறும். பிறகு பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பழகவே இல்லை. பிள்ளைகள் கிடையாது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி முடித்து வெகு காலமாகிவிட்டது.

அந்த மனிதர் வாழ்க்கையில் தானாக முனைந்து செய்த ஒரே காரியம் சீத்தாத் தோட்டம். பெரிய பண்ணை ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் அவரும் அவர் தம்பியும் பொதுவில் வைத்திருந்த நிலம். லோடு இறக்கப் போகிற ஊரில் நல்ல சீத்தாப்பழம் கிடைத்தால் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பமாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தச் சட்டை துவைக்க வரும்போது அவள் பையில் கைவிட்டு, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட கறுப்புக் கொட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு அவரைக் கரித்துக்கொட்டுவாள். அவர் வாயைத் திறக்காமல் கொட்டையை வாங்கி ஊறவைத்து, பழைய பெயின்ட் டப்பாக்களில் மண் போட்டு ஊன்றுவார். முளைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், காய்க்க இன்னும் சில வருஷம். எதற்கும் அவசரப்படாத ஆளுக்குத் தோதான மரம்தான்.

எந்த மரம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு லோடை வைத்துத்தான் ஞாபகம். உப்பு ஏற்றப் போன இடத்தில் கிடைத்தது சாதாரணப் பச்சைச் சீத்தா. பழம் சின்னது, கொட்டை ஜாஸ்தி, ஆனால் தித்திப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. ஓடு ஏற்றப் போன ஊரிலிருந்து வந்தது தோல் கருஞ்சிவப்பாக இருக்கும் ரகம். தெரியாதவர்கள் கெட்டுப்போனதென்று ஒதுக்கிவிடுவார்கள், பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். ராம்சீத்தா இரண்டு மரம் உண்டு. தோல் வழவழவென்று இருக்கும், சதை நறநறக்கும், இனிப்பு மட்டு. முள்சீத்தா ஒன்று, பச்சைப் பசேலென்று முள் முள்ளாக அடிமரத்திலேயே தொங்கும், புளிப்பு கலந்தது, சாறெடுக்கத்தான் லாயக்கு. ஒரு வரிசை மட்டும் நாற்றுப்பண்ணையில் வாங்கிய ஒட்டுச் செடி. அதன் பழம் ஒன்றே இரண்டு பேருக்குக் காணும், கொட்டையை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பறிப்பதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். காயின் மேல் மேடு மேடாக இருப்பதைக் கண் என்பார்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளம் விரிந்து மஞ்சள் தட்டினால் பறிக்கலாம். அதற்கு முன்னால் கை வைத்தால் பழுக்கவே பழுக்காது, கல்லாகிக் கறுத்துப் போகும். மரத்திலேயே விட்டுவைத்தால் வெடித்து, பாதி அணிலுக்கும் வௌவாலுக்கும் போய், மீதி பொத்தென்று தரையில் விழும். விழுந்ததை அவர் எடுத்ததே இல்லை. என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழத்தில் பெரும் பங்கு நாலு தெரு தள்ளியிருந்த ஐஸ்கிரீம் கடைக்குப் போகும். கடைக்காரி பழத்தைப் பிளந்து, சதையைச் சல்லடையில் தேய்த்துக் கொட்டை நீக்கி, நிறம் மாறாமலிருக்க எலுமிச்சை பிழிந்து உறைய வைத்துக்கொள்வாள். முதல் தடவை விவரம் தெரியாமல் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தாளாம். அத்தனையும் கசந்துபோக, கெட்ட பழத்தைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று வீடேறி வந்து கத்தினாள். சூடு காட்டினால் சீத்தாப்பழம் கசக்கும் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் அவருக்குத் தங்கச்சி முறை ஆகிவிட்டாள்.

பினாயில் அம்மா இந்தத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. கொல்லைக் கதவருகே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடக் கூப்பிடுவாள், அவ்வளவுதான்.

அவள் ஓய்வு பெற்ற வருஷம் அவர் ஸ்டூலில் ஏறிப் பழம் பறிக்கப் போய் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், அவள் பழக்கிவிட்ட ஆட்களே கருவி எடுத்துக் கொடுத்துத் தகடு வைத்தார்கள். புண் ஒரு சொட்டுச் சீழ் வைக்கவில்லை, எலும்புதான் சரியாகக் கூடவில்லை. பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடக்கலாம், அதற்கு மேல் இல்லை. பின்னறையில் கட்டில் போட்டாள். ஜன்னலைத் திறந்தால் தோட்டம்.

"மரத்தக் கொஞ்சம் பாத்துக்க" என்று அவர் சொன்னார். அவர் அவளிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். அதனால் அவள் அதை டாக்டர் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டாள். அங்கேதான் வினை.

முதல் நாள் உள்ளே போனவள் செருப்பு முழுக்க அழுகிய பழத்தோடு திரும்பி வந்தாள். தரையெல்லாம் கறுத்த தோல், புளித்த வாடை, ஈ, பேர் தெரியாத பூச்சிகள். 'நோயாளி படுத்திருக்கிற அறைக்கு ஜன்னலோரம் இப்படியா?' என்று செருப்பைக் கொல்லைப் படியிலேயே உதறினாள். மறுநாளே இறங்கிவிட்டாள். விழுந்த பழம் ஒன்று விடாமல் பொறுக்கினாள். சருகைக் கூட்டினாள். சுவரோரக் கோடி மூலையில் ஆழமாகக் குழி தோண்டச் சொல்லி, எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். அடிமரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்த கிளைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

மருந்தைக் கடையில் வாங்கவில்லை. சீத்தாக் கொட்டையே நல்ல பூச்சி மருந்து என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த விதம் கொஞ்சம் கொடுமை. பேன் போகட்டுமென்று கொட்டையை அரைத்துத் தலையில் தேய்க்க, வழிந்து கண்ணில் பட்டு, கண்ணைத் திறக்க முடியாமல் கதறிக்கொண்டு வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். ஆகவே பினாயில் அம்மா கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு கொட்டையை இடித்து, தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் கலந்து, வாரந்தவறாமல் மரம் மரமாக அடித்தாள். மூலையில் குழியை ஒட்டி நின்ற நோஞ்சான் பச்சைச் சீத்தா ஒன்றுக்கு மட்டும் அடிக்கவில்லை. குழி குறுக்கே இருந்ததால் கை எட்டவில்லை.

தோட்டம் வார்டு மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். ஐஸ்கிரீம்காரி, "அக்கா, இங்க எல போட்டே சாப்பிடலாம் போல இருக்கே" என்றாள். பினாயில் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஜன்னல் வழியாக அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவம் பழம் பாதியாகக் குறைந்தது. மரத்துக்கு ஓய்வு வேண்டாமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த பருவம் பூ கொள்ளை கொள்ளையாக வந்தது. கிளையெங்கும் பச்சை மிளகாய் நறுக்கித் தொங்கவிட்ட மாதிரி பூ. அத்தனையும் கொட்டியது. கையில் தொட்டால் காம்போடு வந்தது. கூடை நிறையக் காய்த்த வரிசையில் ஒரு கைப்பிடி காய் தேறவில்லை.

இந்த நேரத்தில்தான் தம்பி வந்தார். அவருக்குச் சிமென்ட் கடை. கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு பகல் பார்க்காமல் ஓடியவர். மழையில் நனைந்து மூட்டை மூட்டையாகச் சிமென்ட் கல்லாகிப் போகிற கவலை அவருக்கு. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"அண்ணே, மரம் காச்சுதுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். ரெண்டு பருவமா ஒண்ணுமில்ல. வயசாயிடுச்சு போல. எடுத்துட்டு ஒரு குடோன் போட்டுக்கலாமா? உங்க பங்குக்கு மாசாமாசம் வாடகை வந்துடும். அண்ணிக்கும் இந்த அலைச்சல் மிச்சம்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "கெடக்கட்டும், எடுத்துக்க" என்றார்.

காலமெல்லாம் அவள் வெறுத்த வார்த்தைதான். ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி விழுந்தது. எதையும் பெரிதாக நினைக்காதவன் சொல்கிற கிடக்கட்டும் ஒன்று உண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டவன் சொல்கிறது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் இரண்டாவது வகையை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். மாத்திரையைத் துப்பிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

தம்பி போன பிறகு அவர் கேட்டார். "இந்தக் கட்டிலக் கொஞ்சம் திருப்பிப் போடேன். வெளிச்சம் கண்ணக் குத்துது."

சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். வேறென்ன செய்வாள்? அன்றைய சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். கழிவறைக்கு நடப்பதைக்கூட நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். மரத்தை எடுத்தால் இந்த மனிதரும் எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

நேரே சிமென்ட் கடைக்குப் போய் ஒற்றைக் காலில் நின்றாள். "தம்பி, வர்ற பருவம் ஒண்ணே ஒண்ணு குடுங்க. அதுலயும் காய் பிடிக்கலன்னா வெட்டுறதுக்கு நானே முதல் மரத்தக் காட்டுறேன்."

தம்பி தலையைச் சொறிந்தார். "மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போட்டாகணும் அண்ணி. அதுவரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் வண்டிக்குச் சொல்லிடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

வெயில் ஏறி மறுபடி பூ வந்தது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். தண்ணீர் பாய்ச்சினாள், எரு வைத்தாள், முன்னைவிட மும்முரமாகக் கூட்டினாள், மருந்தடித்தாள். பூ கொட்டியது. காலையில் கூட்டினால் மாலையில் மறுபடி கொட்டிக்கிடந்தது. கூட்டக் கூட்ட அழுகை வந்தது.

அப்போதுதான் ஐஸ்கிரீம்காரி, இந்த வருஷமாவது பழம் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். இல்லையென்று சொல்ல வாய் வராமல் இவள் நின்றதைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று சொன்னாள்.

"கம்மியா குடுத்தாலும் நீங்க குடுத்த பழம் சுத்தமான பழம் அக்கா. அண்ணன் குடுக்கறப்பல்லாம் வெடிச்ச பழத்தப் பிளந்தா கடுகாட்டம் வண்டு குடுகுடுன்னு ஓடும். பொறுக்கி எடுக்கறதுக்குள்ள உசுரு போயிடும். இப்ப மருந்துக்கு ஒண்ணுகூட இல்ல."

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு எப்போதும் ஒரு பூரிப்பு வரும். அன்றும் வந்தது. ஐஸ்கிரீம்காரி போன பிறகுதான் அந்த 'ஒண்ணுகூட இல்ல' உறுத்த ஆரம்பித்தது. எப்போதும் இருந்த ஒன்று காணாமல் போயிருக்கிறது. கூடவே காயும் காணாமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவள் வீட்டுக்குப் போயிருப்பாளா?

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். வார்டில் போகிற மாதிரி மரம் மரமாக நின்று பார்த்துக்கொண்டு போனாள். முதல் வரிசை, ஒன்றுமில்லை. சிவப்பு ரகம், ஒன்றுமில்லை. ஒட்டு வரிசை சுத்தம். மூலைக்கு வந்தாள். குழியை ஒட்டி நின்ற அந்த நோஞ்சான் மரத்தில், இலைக்கு நடுவே, நெல்லிக்காய் அளவில் பிஞ்சு. பக்கத்துக் கிளையில் இன்னொன்று. எட்டி வளைத்துப் பார்த்தால் கிளைக்குக் கிளை பிஞ்சு.

எருவின் வேலையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள். எருவென்றால் இலை செழித்திருக்க வேண்டுமே, இலை மற்ற மரங்களைவிட மோசமாக அல்லவா இருக்கிறது? தண்ணீர் இங்கே பாய்வதே இல்லை. அப்படியானால் இந்தக் கட்டிலுக்கு மட்டும் யார் வந்து போகிறார்கள்? பூ ஒன்றைப் பறித்து, தடித்த மூன்று இதழையும் நகத்தால் பிரித்தாள். உள்ளே கடுகு போல இரண்டு வண்டு. முதுகெல்லாம் மகரந்த மாவு. ஒன்று அவள் விரலில் ஏறிக் குடுகுடுவென்று ஓடி, பறந்து, குழிக்குள் அழுகிக் கிடந்த பழத் தோலில் போய் உட்கார்ந்தது. மற்ற மரங்களில் பூவுக்குப் பூ பிரித்துப் பார்த்தாள். எல்லாம் காலி.

உறுதி செய்துகொள்ள நாற்றுப்பண்ணைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"ஆமாம்மா, அந்த வண்டுதான் எல்லாம் பண்ணும். இந்தப் பூ தெறக்கறப்ப பொம்பள, முழுசா விரிஞ்சப்புறம்தான் ஆம்பள. ஒரே பூவுல ரெண்டும் ஒண்ணா இருக்காது. ஒரு பூவுல இருந்து இன்னொண்ணுக்கு யாராவது மாவத் தூக்கிட்டுப் போகணும்ல? வண்டு அழுகின பழத்துலதான் குடியிருக்கும், நாத்தம் புடிச்சுத்தான் வரும். ஏன், உங்க தோட்டத்துல இல்லியா?"

"இல்ல" என்றாள். ஏன் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். காலமெல்லாம் நோயைத் தூக்கிக்கொண்டு திரிகிற கையைத் தேடிப் பிடித்தவள் அவள். இங்கே காயைத் தூக்கிக்கொண்டு திரிந்த கை ஒன்று இருந்திருக்கிறது. அதன் வீட்டைக் கூட்டித் தள்ளி, மிச்சத்தை அந்த மரத்தின் கொட்டையாலேயே கொன்று போட்டிருக்கிறாள். அதுவும் வாரந்தவறாமல். ஆஸ்பத்திரியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தன்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் சொன்னாள். "மரத்துக்கு ஒண்ணும் வயசாகலீங்க. நான்தான் கெடுத்தேன்." முழுக்கச் சொன்னாள். வண்டு, குழி, மருந்து எல்லாம்.

பிறகு அந்த முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனாள். சிரிப்புத்தான்.

"அப்ப இத்தன வருசமா நான் சோம்பேறியாக் கெடந்ததுதான் வெவசாயமா?"

"உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? குனிய அலுப்பா இருந்துச்சு, விட்டேன்."

உண்மையைத்தான் சொன்னார். அவரிடம் ரகசியப் புத்திசாலித்தனம் எதுவும் இருந்ததாகக் கதை கட்ட நான் தயாரில்லை. அவளுக்கும் அதுதான் பெரிய எரிச்சல். தெரிந்து செய்திருந்தால் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். சோம்பேறித்தனத்துக்கா கும்பிடு போடுவது?

"கட்டிலத் திருப்பிப் போடட்டா?" என்று கேட்டாள்.

சிரிப்பு நின்றது. "காய் பிடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

மழைக்கு அதிக நாள் இல்லை. மருந்தடிப்பதை அன்றே நிறுத்தினாள். ஆனால் போன வண்டு கூப்பிட்டவுடன் வந்துவிடுமா? அதுவரை அந்த வேலையைத் தானே செய்வதென்று முடிவு கட்டினாள். நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னபடி சாயங்காலம் முழுசாக விரிந்த பூக்களைக் காகிதத்தில் தட்டி மாவு சேர்த்தாள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். விடிந்ததும் அப்போதுதான் வாய் திறக்கிற பூவாகப் பார்த்து, இதழை இரண்டு விரலால் விலக்கி, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே சுற்றித் தடவினாள். இதழ் முறிந்தால் பூ போச்சு. இடுக்கி பிடித்துப் பழகிய கை அது, முறியவில்லை. எட்டாத கிளைக்கு அவர் விழுந்த அதே ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி மற்றது. ஐஸ்கிரீம் கடையிலும் பழக்கடைகளிலும் போய் நின்று, கழித்துப் போட்ட பழம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். கடைக்காரர்கள் பாவமென்று நினைத்து நல்ல பழம் எடுத்துக் கொடுக்க வந்தார்கள். "நல்லது வேணாம், நல்லா அழுகினதா குடுங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு ஒருத்தர் பின்வாங்கி உள்ளே போய்விட்டார். வாளி வாளியாகச் சுமந்து வந்தாள். மூக்கைக் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, மரத்துக்கு மரம் அடியில் கொட்டினாள். கிளைகளில் ஓட்டை போட்ட டப்பாக்களைத் தொங்கவிட்டு அதிலும் நிரப்பினாள். கூட்டக் கூடாதென்று தனக்குத்தானே உத்தரவு போட்டுத் துடைப்பத்தைப் பரணில் ஏற்றினாள். கை தானாகக் குனிந்து ஒரு சருகைப் பொறுக்கும், பிறகு திட்டிக்கொண்டே அதைத் திருப்பிப் போடும். வீடெல்லாம் புளித்த வாடை. அவள் தூங்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? என்னால் நம்ப முடிகிறது.

தடவிய பூ கொட்டவில்லை. கறுத்து, காய்ந்து, இதழ் மட்டும் உதிர்ந்தது. அடியில் மிளகு மாதிரி ஒன்று நின்றது. கொஞ்ச நாளில், அவள் தடவாத உச்சிக் கிளையிலும் மிளகு நின்றது. ஸ்டூல் போட்டாலும் அவள் கை அங்கே எட்டாது. யார் கை எட்டியதென்று அவளுக்குத் தெரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. கண் பட்டுவிடுமோ என்று, சுத்தத்தைத் தவிர வேறெதையும் நம்பாத பினாயில் அம்மா வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் தம்பி வந்தார். மண் தோண்டும் வண்டிக்காரரைத் தெருவில் நிறுத்திவிட்டு, அளவு நாடாவோடு நேரே தோட்டத்துக்குள் நுழைந்தார். நாலு எட்டு வைத்திருப்பார், அழுகிய பழத்தில் கால் வழுக்கி, கிளையைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தார்.

"என்ன அண்ணி இது! உங்க தோட்டமா இது?" பாவம், நிஜமாகவே பதறிப்போனார். அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்திருப்பார்.

அவள் அவர் பிடித்திருந்த கிளையைக் காட்டினாள். எலுமிச்சை அளவில் காய், கண் கண்ணாக. பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்த மரம். தம்பி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, இந்தத் தடவை காலைப் பார்த்து வைத்து, வரிசையாக நடந்து போனார். சிவப்பு ரகத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றார். நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி அண்ணி. ரோட்டுப் பக்கம் ஒரு எடம் வாடகைக்கு வருதுன்னாங்க, அதப் பாக்கறேன்." வாசல் பக்கம் திரும்பியவர், நல்ல மனிதரல்லவா, நின்று சொன்னார். "காயும் கையுமா உங்களுக்கு நேரமில்ல போல. கடைப் பசங்க ரெண்டு பேர அனுப்புறேன். இந்தக் குப்பையெல்லாம் அள்ளிப் போட்டுட்டுப் போகட்டும்."

"கெடக்கட்டும் தம்பி" என்றாள் பினாயில் அம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"யாரு அது? யாரு சொன்னது அது?" என்று பின்னறையிலிருந்து குரல். அடுத்த நிமிஷம், முன்னைவிடப் பலமாக, "டேய் தம்பி, இங்க வா. இந்தக் கட்டிலத் திருப்பிப் போடு!"

தம்பி ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, அவரோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கத் திருப்பினார்கள். அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். உச்சிக் கிளைகள், தொங்கும் டப்பாக்கள், ஈ மொய்க்கும் தரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். காய் இருக்கிற இடத்தில் எல்லாம் கண் நின்று நின்று போனது.

"ஏம்மா, வீட்டுக்குப் பின்னாடி இவ்வளவு அசிங்கமா வச்சிருக்க?" என்றார்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. காலையிலிருந்து வாளி சுமந்த கை. கையுறையைக் கழற்றி எங்கே போட்டோம் என்றுகூட ஞாபகமில்லை. விரலெல்லாம் அழுகல் பிசுபிசுத்தது. அந்தக் கையாலேயே முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.